வேலிக்கு அங்காலை நின்ற கோபுரம்

அவரை நாங்கள் எல்லோரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம். ஈராக்கின் தெற்கே, நசிரியா நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்துக்காரர். பாரிசின் ரூ லூயி-பிளாங் தெருவில் நான் சனி ஞாயிறுகளில் வேலை செய்த தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். வந்த புதிதில் வாயே திறக்கமாட்டார். ஒன்றிரண்டு வருடம் போனதும் பிரெஞ்சைவிடத் தமிழ்தான் அவருக்கு நன்றாக ஓடியது. சுடுகிற தாச்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது பின்னால் வந்தால் "சூடு, சூடு, விலத்து!" என்று அசல் யாழ்ப்பாணத்துக் குரலில் கத்துவார். வெளியே இருந்து சாப்பிடுகிறவர்கள் உள்ளே நிற்பது ஓர் அரபுக்காரர் என்று நம்பமாட்டார்கள்.

அந்த வருடம் குளிர் விட்டுப் போகிற நேரத்தில் அவருடைய மேன்முறையீட்டுக்குத் திகதி வந்தது. முதல் அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். இதுவும் இல்லையென்றால் நாட்டை விட்டுப் போகச் சொல்லுவார்கள். பிறகு அவர் ஒளித்துத் திரிய வேண்டும், அல்லது தன்னைத் தேடுகிறவர்கள் இருக்கிற ஊருக்கே திரும்ப வேண்டும்.

தேடுகிறவர்கள் ஏன் தேடினார்கள் என்பதை அவர் எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். ஊருக்குப் பக்கத்தில் வெளிநாட்டுப் படைகளின் பெரிய முகாம் ஒன்று இருந்தது. அவருடைய தகப்பன் அதற்குள் உடுப்புத் தோய்க்கும் வேலைக்குப் போய்வந்தவர். படைகள் வெளியேறிய பிறகு, உள்ளே வேலை செய்தவர்களின் வீட்டு வாசல்களில் யாரோ துப்பாக்கி ரவையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் சந்தைக்குப் போன தகப்பன் வீடு திரும்பவில்லை. அடுத்த ரவை மூத்த மகனுக்கு வந்தது. அந்த மூத்த மகன்தான் மச்சான்.

நிராகரித்த தீர்ப்பை நான்தான் குசினியில் வைத்து வாசித்துத் தமிழில் சொன்னேன். சொல்லுகிற கதையில் நம்பமுடியாதது எதுவும் இல்லை, ஆனால் சொல்லுகிறவர் அந்த ஊர்க்காரர்தானா என்பதில் சந்தேகம் என்று எழுதியிருந்தது. அந்தக் கிராமத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் நாலாயிரம் வருடப் பழமையான ஒரு படிக்கோபுரம் நிற்கிறது. ஊர் என்கிற பழைய நகரத்தின் சிகுராத். உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் படம் இருக்கிறது. அதைப் பற்றி விசாரணை அதிகாரி கேட்டபோது இவர், "போனதில்லை, எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கடையின் பெரிய சமையல்காரர் அண்ணை வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டார். அவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை. ஐம்பது தாண்டியவர். எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் விசாவுக்குக் கேஸ் போட்டவர்களில் பாதிப்பேர் விசாரணைக்கு முதல் அவரிடம் வந்து பயிற்சி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வழக்கறிஞர் சட்டம் பார்ப்பார், அண்ணை ஆளைத் தயார்ப்படுத்துவார். அதுதான் இங்கே வழக்கம்.

"உன்ரை ஊருக்குப் பக்கத்திலை உலகத்துக்கே தெரிஞ்ச கோயில் நிக்குது. அதைப்போய் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய். விசரே உனக்கு?"

"போகேல்லை, அண்ணை."

"போகேல்லை எண்டால்? ஊரிலை கோயிலுக்குப் போகாத ஆள் ஆர்? சாமி கும்பிடாட்டிலும் திருவிழாவுக்குப் போறேல்லையே? ஐஸ்கிறீம் குடிக்கவெண்டாலும் போறேல்லையே?"

"பழைய கோயில். சாமி இல்லை."

"சாமி இல்லாட்டி என்ன, கோபுரம் நிக்குதெல்லோ!"

மச்சான் தண்ணீரைத் திறந்துவிட்டார். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"டேய் புரொபெசர், நீ உந்தப் பழைய சாமான்தானே படிக்கிறாய்? இவனுக்கு அந்தக் கோபுரத்தை அடியிலயிருந்து நுனி வரைக்கும் பாடமாக்கு. திரும்ப ஒருக்கால் வாயிலை தெரியாது எண்டு வரக்கூடாது."

புரொபெசர் என்பது எனக்கு வைத்த பட்டம். பாதி நக்கல், பாதி பெருமை. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் இடப்பெயர்வில் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது. பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து காலை ரயிலில் அப்பா அலுவலகம் துடைக்கப் போவார், நான் அதே ரயிலில் பல்கலைக்கழகத்துக்குப் போவேன். வரலாறு படிக்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர், "அதுக்கு என்ன வேலை குடுப்பாங்கள்?" என்பார்கள். எனக்கும் பதில் தெரியாது. அந்த அரையாண்டில்தான் பழைய மெசப்பொத்தாமியா ஒரு பாடமாக இருந்தது. நான் படித்தது ஒரு மனிதரைக் காப்பாற்றப் போகிறது என்ற நினைப்பு அன்று முழுவதும் என்னை நிலத்தில் கால் வைக்கவிடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து கடை பூட்டியிருக்கும் இடைவேளைகளில் வகுப்பு நடந்தது. பெரிய அலுமினியத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் சின்னத் தட்டு, அதன்மேல் இன்னும் சின்னதொன்று, உச்சியில் தேங்காய்ப்பால் அடைத்த ஒரு தகர ரின். "இதுதான் நிலாத் தெய்வத்தின்ரை கோயில், இப்ப அது இல்லை, அழிஞ்சு போச்சு" என்றேன். உள்ளே முழுவதும் சுடாமல் வெயிலில் காயவைத்த பச்சை மண்கல், வெளியே மட்டும் சூளையில் சுட்ட செங்கல். சீமெந்துக்குப் பதிலாக மண்ணிலிருந்து ஊறுகிற தார். இடையிடையே நாணல் பாய் விரித்து அதன்மேல் மறுபடி கல் அடுக்கினார்கள், உள் ஈரம் வெளியேறச் சுவரில் ஓட்டைகள் விட்டார்கள், செங்கல்லில் அரசனின் பெயரைக் குத்தினார்கள். முன்னால் மூன்று நீளப் படிக்கட்டுகள் வந்து ஒரே வாசலில் சேரும். கட்டியவர்கள் சுமேரியர். பின்னால் வந்த பபிலோனியர் இடிந்ததைத் திருத்திக் கட்டினார்கள்.

"சுமேரியர் ஆர்? தமிழர்தானே," என்றார் அண்ணை, ரோல்ஸ் உருட்டிக்கொண்டே.

"அண்ணை, அவங்கட மொழிக்கு உலகத்திலை எந்த மொழியோடும் தொடர்பு இல்லை எண்டுதான் ஆராய்ச்சியாளர் சொல்லினம்."

"ஆராய்ச்சியாளர் வெள்ளைக்காரர். வேறை என்ன சொல்லுவினம்? யூரியூப்பிலை ஒருத்தன் ஆதாரத்தோட போட்டிருக்கிறான். அந்த இடத்துக்குப் பேரே ஊர். இதுக்கு மேலை என்ன வேணும்? மச்சான், நீ எங்கட ஆள்தான்ரா."

"சரி அண்ணை," என்றார் மச்சான். அவருக்கு எதிலும் மறுப்பு இல்லை.

நாள் நெருங்க நெருங்கக் குசினி ஒரு விசாரணை அறையாகிவிட்டது. அண்ணை அகப்பையை மேசையில் தட்டிக் கேட்பார்: "படி எத்தினை? எந்தப் பக்கம் பாத்தது? ஆர் கட்டினது? மேலை நிண்டால் என்ன தெரியும்?" மச்சான் கோப்பையைத் தேய்த்தபடி பதில் சொல்லுவார். பிழைத்தால் அண்ணை அடுப்பைக் குறைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஒருதடவை பபிலோனியரை முன்னுக்கும் சுமேரியரைப் பின்னுக்கும் மாற்றிச் சொன்னார் என்று, பரோட்டா கருகும்வரை திட்டு விழுந்தது. மேலே ஏறிய கதையை அண்ணைதான் செய்து கொடுத்தார்: சின்ன வயதில் பெருநாளைக்குப் புதுச் சட்டையோடு தகப்பனின் கையைப் பிடித்து ஏறினேன், உச்சியில் நின்றால் எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. மச்சான் அதையும் பாடமாக்கினார். நன்றாகவே சொன்னார். ஆனால் அதைச் சொல்லும்போது அவருடைய குரல் மாறிவிடும், வகுப்பில் எழுந்து நின்று ஒப்புவிக்கிற பிள்ளையின் குரல் போல. சாப்பாடும் குறைந்துவிட்டது. அண்ணை வலிய வைக்கிற கோழிக்கால் அப்படியே கிடக்கும்.

விசாரணைக்கு முதல்நாள், அதே இடைவேளை. கடையின் பின்முற்றத்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நானும் அவரும் நின்றோம். அண்ணை உள்ளே. கடைசியாக ஒருதடவை கேட்டுப் பார்க்கலாம் என்று நீதிபதிபோலக் கேட்டேன். எல்லாம் மணியாகச் சொன்னார். எனக்குத் திருப்தியில்லை. பாடமாக்கியதற்கு வெளியே ஒரு கேள்வி வந்தால் என்ன செய்வார் என்று பயம். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"மழை பெய்தால் அந்தச் சுவர் என்ன நிறமாகும்?"

"தெரியாது. மழைக்குள்ளை வடிவாத் தெரியாது. வேலி, பிறகு தூசி, பிறகு அது."

"என்ன வேலி?"

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. வானம் மேலே இருக்கிறதா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வேலி, தம்பி. முகாம் வேலி. கோபுரம் வேலிக்கு அங்காலை."

கோபுரமே முகாமுக்குள் இருந்தது. என் பாடப் புத்தகத்தின் படங்களில் வேலி இல்லை. அகழாய்வாளர்கள், படிகள், வானம் மட்டும்தான். அந்த இடத்திலேயே கைப்பேசியை எடுத்துத் தேடினேன். ஆம், அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்த இடம் படைமுகாமின் எல்லைக்குள் இருந்திருக்கிறது. ஊர்ச் சனம் போகமுடியாது. வீட்டுக் கூரையில் ஏறினால் தெரியும் என்றார். ஆடு அந்தப் பக்கம் போனால் ஒலிபெருக்கியில் கத்துவார்களாம். தகப்பன் காலையில் அதே வேலியின் வாசலால் உள்ளே போய் மாலையில் சவர்க்கார மணத்தோடு வருவாராம்.

"இதை ஏன் முதல் விசாரணையிலை சொல்லேல்லை?"

"அவை கேக்கேல்லை. போனியா எண்டு கேட்டவை. இல்லை எண்டன். வேலி எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைச்சன்."

நாங்கள் இத்தனை நாளும் அவருக்குப் பாடமாக்கியது, அவரால் ஒருபோதும் செய்திருக்க முடியாத ஒரு காரியத்தை. நாளைக்கு ஒரு நீதிபதிக்கு அந்த வேலியைப் பற்றித் தெரிந்திருந்தால், புதுச்சட்டை போட்டு ஏறிய கதையோடு தகப்பனின் கதையும் சேர்ந்து போய்விடும். உண்மையைச் சொன்னாலோ, முகாமும் தகப்பனின் வேலையும் இவருடைய "போனதில்லை"யும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

உள்ளே ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் கோழியில் மசாலா பிரட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"அவன் இப்ப நல்லாச் சொல்லுறான். குழப்பாதை."

"அண்ணை, அது பொய்."

"முதல்முறை உண்மையைத்தானே சொன்னவன்? என்ன கிடைச்சது?"

"அப்ப காரணத்தைச் சொல்லேல்லை. இப்ப சொன்னால்..."

"நீ எத்தினை பேருக்கு விசா எடுத்துக் குடுத்தனி? சொல்லு பாப்பம். புத்தகத்திலை வேலி இருக்கோ இல்லையோ எண்டு பாக்கிறவன் நீ. நீதிபதிக்கு முன்னாலை தெரியாது எண்ட சொல்லு வந்தால் அந்த இடத்திலையே கேஸ் செத்துப்போச்சு. எனக்குத் தெரியும்."

மச்சானும் உள்ளே வந்து, கோப்பை கழுவுகிற தொட்டியடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எங்கள் தமிழ் முழுவதும் அவருக்கு விளங்கும். "நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டேன். திரும்பாமலே, "அண்ணை சொன்னால் சரி," என்றார்.

மறுநாள் காலை கார் து நோர் ரயில் நிலைய வாசலில் மூவரும் சந்தித்து, மெத்ரோ மாறி, நீதிமன்றம் இருக்கிற மொந்த்ரேய்க்குப் போனோம். அண்ணை வேலைக்கு வரவில்லை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கோட் சூட்டோடு வந்திருந்தார். நெற்றியில் விபூதி. மச்சானின் சட்டைக் கழுத்தை ரயிலுக்குள்ளேயே சரிசெய்தார். நடுவில் ஒருதடவை அண்ணை அவருடைய காதுக்குள், "படி?" என்று கேட்டார். "மூண்டு," என்றார் மச்சான்.

நீதிமன்றக் கட்டடத்தில் பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். நீண்ட மண்டபம், திரையில் எண்கள், உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்த முகங்கள், கோப்புகளோடு நடந்துகொண்டேயிருக்கிற கறுப்பு அங்கிகள். எங்களுக்கு முன்னிருந்த வழக்கு இழுபட்டது. வழக்கறிஞர் இளம் பெண். அரசாங்கம் ஒழுங்குசெய்து கொடுத்தவர். அன்று அவருக்கு வேறு வழக்குகளும் இருந்தன. வந்து நின்றபடியே, "புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டார். நான் வாய் திறந்தேன். அண்ணையின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. அவருக்கு மூன்று விரல்களில் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு. அதன் சொரசொரப்பைச் சட்டைக்கு மேலால் உணர்ந்தேன். "ஒன்றுமில்லை," என்று மச்சான் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டார். வழக்கறிஞர் போய்விட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அண்ணையோடு நான் அப்படி ஒருநாளும் கதைத்ததில்லை.

"அண்ணை, உங்கட கேஸிலை நீங்கள் தெரியாது எண்டு சொன்னதுக்காக, இவர் ஏறாத கோபுரத்திலை ஏற வேணுமோ? உங்கட ஊர்க் கோயில் உங்களுக்கு ஏன் தெரியாமல் போனது?"

இந்தக் கதை லாச்சப்பலில் எல்லோருக்கும் தெரியும். அண்ணையை முதல் விசாரணையில் அவருடைய ஊர்ப் பெரிய கோயிலைப் பற்றிக் கேட்டார்கள், தெரியாது என்றார், ரிஜெக்ட் ஆனது. பயத்தில் மறந்துவிட்டேன் என்றுதான் எப்போதும் சொல்லுவார். அன்று அவர் திரையிலிருந்த எண்களைப் பார்த்தபடி வேறு விதமாகச் சொன்னார்.

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு கேட்டவங்கள். கொடிமரத்துக்குப் பின்னாலை என்ன, மண்டபத்திலை எத்தினை தூண். நான் எங்க கண்டன்?"

"ஏன்?"

"ஏன் எண்டால்? விட்டால்தானே போறது." குரல் மிகத் தணிந்திருந்தது. "எங்கட ஆக்கள் வெளிவீதியோட நிக்கிறது. சாமி தேரிலை வெளியிலை வந்தால் கும்பிடுறது. என்னை விசாரிச்ச இடத்திலை தமிழை மொழிபெயர்த்தவன் பக்கத்து ஊர்ப் பெடியன். நல்ல வீட்டுப் பெடியன். அவன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு, எங்களை உள்ளுக்கு விடுறேல்லை எண்டு நான் சொல்லுறதோ? தெரியாது எண்டன். பிறகு அப்பீலுக்கு, உள்ளுக்குப் போய்வந்த ஒருத்தனைப் பிடிச்சு, தூண், மணி, விளக்கு எல்லாம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு போய்ச் சொன்னன். தந்தாங்கள். இப்ப சொல்லு, ஆர் சரி?"

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்தத் தெருவில் இருந்துகொண்டு இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

மச்சான் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தார். அண்ணையின் முழங்காலில் கையை வைத்தார்.

"உங்களையும் விடேல்லை, அண்ணை?"

அண்ணை தலையை ஆட்டினார். மச்சான் மேலும் ஏதோ கேட்க வந்தார். அதற்குள் அறை வாசலில் நின்ற பெண் அவருடைய பெயரை உரக்கக் கூப்பிட்டாள்.

அறை சின்னது. மேசைக்குப் பின்னால் மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்தவர் நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய பெண். முன்னால் மச்சான், வலப்பக்கம் அரபு மொழிபெயர்ப்பாளர், இடப்பக்கம் வழக்கறிஞர். பின் வரிசை வாங்கில் நானும் அண்ணையும். எனக்கு அரபு தெரியாது. மச்சான் என்ன சொல்லுகிறார் என்பது, அவர் சொல்லி முடித்து மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொல்லும்வரை எனக்குத் தெரியப்போவதில்லை.

தகப்பனைப் பற்றிக் கேட்டார்கள், முகாமைப் பற்றி, ரவையைப் பற்றி. சொன்னார். பிறகு தலைமை நீதிபதி தாளைப் புரட்டினார்.

"உங்கள் கிராமத்துக்கு அருகில் ஒரு புகழ்பெற்ற சிகுராத் இருக்கிறது. முதல் விசாரணையில் அதைப் பற்றி எதுவும் தெரியாது என்றிருக்கிறீர்கள். இன்று ஏதாவது சொல்லமுடியுமா?"

பக்கத்தில் அண்ணையின் உதடுகள் அசைந்தன. மூன்று படிக்கட்டு, நிலாத் தெய்வம், பெருநாள், புதுச்சட்டை. மச்சான் பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார். பாடமாக்கியதும் அவ்வளவு நீளம்தான். நான் குரலைக் கேட்டுக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடங்கினார்:

"மேடம், நான் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. அது முகாமின் வேலிக்குள் இருந்தது. என் அப்பா போக முடிந்த இடத்துக்கு என்னால் போகமுடியாமல் இருந்தது."

அண்ணைக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்கும். கண்ணை மூடிக்கொண்டார்.

இடப்பக்கத்து நீதிபதி, அதுவரை பேசாதவர், பேனையை வைத்தார். "படைகள் போன பிறகு அந்த இடம் திறந்துவிடப்பட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக்கூடக் கூட்டிப் போனார்கள். அப்போதும் போகவில்லையா?"

இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. வழக்கறிஞர் தாளில் எதையோ தேடினார். பிறகு மச்சான் சின்னதாகப் பதில் சொன்னார்.

"அப்பா விடவில்லை. அந்த வாசலடியில் எங்கள் குடும்பத்து முகம் தெரியக்கூடாது என்றார். அவர் அந்த வாசலால் போய்வந்ததைக் கண்டவர்கள் ஊரில் இருந்தார்கள்."

"அப்படியானால் தூரத்திலிருந்து பார்த்தது மட்டும்தான்?"

"கூரையிலிருந்து. பின்னேரத்தில் படைக்காரர் அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பார்கள், எறும்பு போலத் தெரியும். வேறு யாரும் அதில் நின்று நான் கண்டதில்லை. அவர்கள்தான் அதைக் கட்டினார்கள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஊரைக் காவல் பார்ப்பதற்காக."

ஓரத்தில் பதிவு செய்துகொண்டிருந்தவரின் தட்டச்சுச் சத்தம் நின்றது. தலைமை நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "அதைக் கட்டியது யார் என்று எப்போது தெரிந்துகொண்டீர்கள்?"

மச்சானின் பதில் ஒரு வரிதான். மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் கேட்டேனா என்று அவரிடம் திருப்பிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்கே, பாரிசில். கோப்பை கழுவுகிற இடத்தில்."

யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"யார் சொல்லித் தந்தார்கள்?"

மச்சான் கதிரையில் திரும்பி எங்களைக் கையால் காட்டினார். மூன்று நீதிபதிகளும் பின் வாங்கைப் பார்த்தார்கள். ஆளுக்குப் பாடமாக்கிக் கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று முடிவெடுப்பார்கள், இந்த நிமிடமே எல்லாம் கவிழப்போகிறது என்று நினைத்தேன். எழுந்து விளக்கம் சொல்லலாமா என்றால், பின்னால் இருப்பவர்கள் வாய் திறக்கக்கூடாது. அண்ணை கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

"அவர்கள் உங்களுக்கு என்ன சொல்லித் தந்தார்கள்?"

இந்தமுறை மச்சான் பேசும்போது எனக்கு இரண்டு சொல் விளங்கியது. சுமேர். தமிழ். மொழிபெயர்ப்பாளர் முகத்தை மாற்றாமல் சொன்னார்: "இளையவர், அது சுமேரியர் கட்டியது, உள்ளே பச்சைக் கல்லும் நாணலும் என்றார். மூத்தவர், அது தங்களுடைய ஆட்கள் கட்டியது என்றார். யார் சரி என்று எனக்குத் தெரியாது, மேடம்."

தெரியாது என்ற சொல் அந்த அறையில் சத்தமாக விழுந்தது. தலைமை நீதிபதி எதையோ எழுதினார். வழக்கறிஞர் எழுந்தார். தன் தாளை ஒருபக்கம் வைத்துவிட்டு, அந்த வேலியைப் பிடித்துக்கொண்டே பேசினார். நன்றாகப் பேசினார்.

வெளியே வந்து வீதியில் நின்றபோது அண்ணை, "தமிழர் கட்டினதெண்டு நான் சொன்னதை அங்கை போய்ச் சொல்லோணுமோடா, மடையா?" என்றார். திட்டு மாதிரித்தான் தொடங்கினார், ஆனால் பாதியில் சத்தம் உடைந்துவிட்டது. மச்சான் அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு மெத்ரோவில் ஏறினோம். மாலை வேலைக்குக் கடை திறக்க நேரமாகியிருந்தது.

தீர்ப்பு வரக் கொஞ்ச வாரங்கள் எடுத்தது. அந்த வாரங்களில் குசினியில் கோபுரத்தைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அண்ணை யாரையும் விசாரணைக்குத் தயார்ப்படுத்தவும் இல்லை. வந்து கேட்டவர்களிடம், "கண்டதைச் சொல்லு, காணாட்டி ஏன் காணேல்லை எண்டு சொல்லு, எனக்கு வேலை கிடக்கு," என்று அனுப்பிவிட்டார். என்னோடு நேராகக் கதைக்கவில்லை. நான் கேட்டது பிழையா என்று பல தடவை யோசித்தேன். கேட்காமல் விட்டிருந்தால் மச்சான் எதைச் சொல்லியிருப்பார் என்றும் யோசித்தேன். ஒருநாள் அண்ணை வெறுமனே, "அந்த நாணல் பாய் ஏன்ரா நடுவிலை வைச்சவங்கள்?" என்று கேட்டார். மண் வெடித்துப் பிளந்து போகாமல் தாங்கத்தான் என்றேன். "ம்," என்றார். அவ்வளவுதான்.

வழக்கறிஞரின் அழைப்பு வந்தபோது மச்சானின் கைகள் சவர்க்காரத்தில் இருந்தன. கைப்பேசியை நான்தான் அவருடைய காதில் பிடித்தேன். கேட்டுவிட்டு, "உய், உய், மெர்சி மதாம்," என்று பிரெஞ்சில் நன்றி மட்டும் சொன்னார். பிறகு தண்ணீரைப் பூட்டிவிட்டுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணை, "என்ன? என்னடா சொன்னவள்?" என்று கத்தினார். மச்சான் திரும்பி, "தந்தாங்கள்," என்றார்.

அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம் பின்னர் வந்தது. அதையும் அவர் குசினிக்கே கொண்டுவந்தார். ஈரக்கையோடு யாரும் தொடக்கூடாது என்று அண்ணை கட்டளை போட்டுவிட்டு, தான் மட்டும் துடைத்த கையோடு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். ஓரிடத்தில் என்னை வாசிக்கச் சொன்னார். எல்லா நாடுகளுக்கும் செல்லும், ஈராக்கைத் தவிர, என்று இருந்தது.

"என்ரையிலை இலங்கையைத் தவிர எண்டு இருந்தது," என்றார் அண்ணை. "பிரெஞ்சுப் பாஸ்போட் எடுக்கும்வரைக்கும். எடுத்த பிறகும் நான் போகேல்லை."

"ஏன் அண்ணை?" என்றார் மச்சான்.

"போய் எங்க நிக்கிறது?"

மச்சான் புத்தகத்தை வாங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டையின் உள்பையில் வைத்தார். வெளியே மேசைகள் நிரம்பத் தொடங்கியிருந்தன. முதல் ஓடர் வந்தது, ஆட்டுக்கறியும் இரண்டு கொத்துரொட்டியும். அண்ணை தாச்சியைத் தூக்கிக்கொண்டு திரும்ப, மச்சான் விலகி வழிவிட்டார்.